வீலியில் ஆடுது, வால்வு சாயுது: ஸ்டண்ட் டயர் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிறு காலை என் கடைக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் வாயைத் திறந்ததும் கேட்பது இதுதான்: "அண்ணே, ஸ்டண்ட் அடிக்க எந்த டயர் நல்லது?" நான் உடனே பெயர் எதுவும் சொல்வதில்லை. மோட்டாரை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, டயரைக் கையால் தடவிப் பார்ப்பேன். அப்புறம் காற்றளக்கும் கேஜை எடுப்பேன். பெரும்பாலான நாள்களில் அந்த வண்டிக்குப் புது டயரே தேவைப்படாது. காற்று ஏறுமாறாக இருக்கும். இல்லையென்றால் பேரிங் ஆடும். அதுவும் இல்லையென்றால், கூட்டாளி போட்டிருக்கிறானே என்று அளவுக்கு மீறிய டயரை மாட்டியிருப்பான். காசோடு வந்தவனை வெறும் காற்றைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்பினால் என் வீட்டுக்காரி முறைக்கிறாள் என்பது வேறு கதை.

இங்கே பேசப்போவது 150 சிசி கப்சாய்களை, அதாவது நம் ஊர்ச் சின்ன மோட்டார்களைப் பற்றி. யமஹா ஒய்15, ஹோண்டா ஆர்எஸ்150 இரண்டுக்கும் கம்பெனி டயர் முன்னால் 90/80-17, பின்னால் 120/70-17. பழைய எல்சி135 வைத்திருப்பவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு; அதன் டயர் 70/90, 80/90. பெரிய பைக்குகளுக்கும் காரணங்கள் இவைதான், எண்கள் மட்டும் மாறும்.

இதெல்லாம் பொதுச்சாலையில் செய்ய அல்ல. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவு அபாயகரமாக வண்டி ஓட்டுவதைப் பற்றியது. சாலையில் முன் சக்கரத்தைத் தூக்கினால் அங்கேதான் போய் நிற்பீர்கள். எங்கள் பையன்கள் பழகுவது தோட்டத்துப் பழைய ரப்பர் ஸ்டோர் முற்றத்தில். தோட்ட ஆபீசில் கடிதம் வாங்கியிருக்கிறோம். ஒரு காலத்தில் பால் வாளிகள் வரிசை கட்டி நின்ற சிமெண்டுத் தரை அது. இப்போது சுற்றிலும் செம்பனை.

கேஜ், சாக்பீஸ், ஒரு நோட்டு

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த மூன்றும் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். பெட்ரோல் ஸ்டேஷன் கேஜை நம்பி ஸ்டண்ட் டயருக்குக் காற்று வைக்க முடியாது. ஒரு ஸ்டேஷனில் 22 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காட்டும் டயர் இன்னொன்றில் 25 காட்டும். சாதாரண ஓட்டத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. வீலியில், அதாவது முன் சக்கரத்தைத் தூக்கிப் பின் சக்கரத்தில் மட்டும் ஓட்டும்போது, அது முழு வித்தியாசம். சின்ன கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். அது கொஞ்சம் கூடக்குறைய காட்டினாலும் தினமும் ஒரே மாதிரி காட்டும்.

காற்றை டயர் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து முற்றம்வரை ஓட்டிவந்து பார்த்தால் அது சூட்டோடு சேர்ந்த எண். டயர் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ கூடும். நம் ஊர் நடுப்பகல் வெயிலில் சிமெண்டுத் தரை தோசைக்கல் மாதிரி கொதிக்கும்போது, காலையில் வைத்த 22 மதியம் 25 ஆகியிருந்தால் ஆச்சரியமில்லை. "காலையில நல்லா நின்னுச்சு அண்ணே, இப்பதான் ஆடுது" என்று சொல்கிறவனுக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது.

சாக்பீஸ் எதற்கு என்பது வால்வு பகுதியில் வரும். நோட்டில் தேதி, முன் காற்று, பின் காற்று, எப்படி இருந்தது என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அறிகுறி: முன் சக்கரம் தூக்கினதும் வண்டி இடமும் வலமும் ஆடுகிறது

அதிகம் வரும் புகார் இது. அதிகம் தப்பாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். எப்படி ஆடுகிறது என்று முதலில் கேளுங்கள். ஆட்டத்தில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, பந்தின்மேல் உட்கார்ந்த மாதிரி. சக்கரம் எந்தப் பக்கமும் நிலைக்காமல் நழுவும், கால்களால் பிடித்துப் பிடித்துத் திருத்த வேண்டியிருக்கும். இது காற்று அதிகம். என் வண்டியின் ஸ்டிக்கரில் முன்னுக்கு 29, பின்னுக்கு 33 என்று போட்டிருக்கிறது. சாலையில் இரண்டு பேர் ஏறிப் போக அது சரி. வீலியில் மொத்த எடையும் பின் டயரின் ஒரே இடத்தில் நிற்கிறது. 33 வைத்தால் தரையில் படும் பகுதி இரண்டு விரல் அகலம்தான். காற்றை இறக்க இறக்க அந்தப் பகுதி அகலமாகும், நீளமாகும், வண்டி உட்காரும். ட்யூப்லெஸ் 120/70 டயரில் நான் 28இல் தொடங்கி, இரண்டிரண்டாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் நாலு வீலி தூக்கிப் பார்க்கச் சொல்வேன். 120 கிலோவை ஒட்டிய இந்த வண்டிகளுக்கு 20க்கும் 24க்கும் நடுவில் எங்கேயோ சரியான இடம் கிடைத்துவிடும். ஆளின் எடையைப் பொறுத்து அது மாறும். பெரிய 600 சிசி பைக்கில் ஸ்டண்ட் அடிப்பவர்கள் பின் டயரை 20க்கும் கீழே இறக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு, கப்சாயில் அப்படியே செய்ய வேண்டாம். அவர்கள் டயரின் பக்கச்சுவர் வேறு, ரிம் வேறு.

இரண்டாம் வகை, தொட்டில் ஆட்டம். மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, நிதானமாக மறுபக்கம் வரும். இது முதல் வகைக்கு நேர் எதிர்: காற்றை இறக்கினது போதும் என்று டயர் சொல்கிறது. பக்கச்சுவர் மடங்கி மடங்கி எழுகிறது. 2 பிஎஸ்ஐ ஏற்றினாலே தெரிந்துவிடும். ஏற்றியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் மலிவு டயரின் மெல்லிய பக்கச்சுவரைச் சந்தேகப்படலாம். கட்டைவிரலால் பக்கச்சுவரை அமுக்கிப் பக்கத்து வண்டி டயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் வகை, சடசடவென்று வேகமான நடுக்கம். இதற்கும் டயருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இதற்காகத்தான் ஆள்கள் டயர் மாற்றுகிறார்கள். பின் சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து மாறிமாறித் தள்ளி இழுங்கள். 'டொக்' என்று ஒரு சின்ன ஆட்டம் தெரிந்தால் பேரிங். அது இல்லையா? பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அசைந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. ஸ்போக் ரிம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். மற்றவை 'கிண்' என்னும்போது ஒன்று மட்டும் 'தொப்' என்றால் அது தளர்ந்திருக்கிறது. போன தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் ஒரு பையன் ஈப்போவில் வாங்கிய இரண்டாவது புது டயரோடு வந்தான், இன்னும் ஆடுகிறது என்று. பேரிங்கைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தான். மணலை அரைக்கிற மாதிரி கரகரவென்றது. இரண்டு டயர் காசுக்கு அவன் நாலு சக்கரத்துக்குப் பேரிங் போட்டிருக்கலாம்.

எப்போதும் ஒரே பக்கம் மட்டும் சாய்கிறது என்றால் செயின் நேராக இருக்கிறதா பாருங்கள். ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள், சில வண்டிகளில் இரண்டு பக்கக் கோடும் ஒத்துப்போகாது. ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளப்பது நிச்சயமான வழி.

அறிகுறி: டயர் மாற்றின பிறகு வண்டி தூக்க மறுக்கிறது

"இஞ்சின் டல்லாயிடுச்சு அண்ணே." இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. போட்டது 140/70.

கணக்கைப் பாருங்கள். 17 அங்குல ரிம் 432 மில்லிமீட்டர். 120/70 என்றால் டயர் அகலம் 120, அதில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 84. மேலே ஒன்று, கீழே ஒன்று: 432 + 168 = 600. இதே கணக்கில் 140/70 வருவது 628. சக்கரம் கிட்டத்தட்ட 5 சதவீதம் பெரிதாகிவிட்டது. பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) 42 பல் என்று வைத்துக்கொண்டால், இது அதை 40 பல்லாக மாற்றியதற்குச் சமம்; இழுப்பு அவ்வளவு குறையும். ஸ்டண்டுக்காகப் பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கிக் காசு செலவழித்துவிட்டு, அந்த லாபத்தைப் பெரிய டயரில் தொலைக்கிறார்கள்.

தூக்க முடியாதது பாதித் தொல்லைதான். கம்பெனி ரிம் மாறாமல் அகல டயரை ஏற்றினால் ரிம் அதை இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடிக்கும். டயரின் முதுகு உருண்டையாகக் கூம்பிவிடும். பார்க்க அகலம், தரையில் படுவது முன்பைவிடக் குறைவு. வீலிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. சந்தேகம் இருந்தால் டயரின் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு இரண்டு பக்கமும் சரிந்து போனால் அந்த ரிம்முக்கு அது பெரிய டயர்.

என் முடிவு: 120/70 இருக்கும் வண்டிக்கு அதே 120/70. எளிதாகத் தூக்க வேண்டும் என்றால் 110/70 போட்டுப் பாருங்கள், சக்கரம் 586 மில்லிமீட்டருக்கு இறங்கும். பதிலுக்கு டயர் சீக்கிரம் தேயும். 130க்கு மேலே போவது அழகுக்குத்தான். அழகுக்குப் போடுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஸ்டண்டுக்கு என்று சொல்லாதவரை. இன்னொரு பக்கம் ஒல்லி டயர்க் கூட்டம் இருக்கிறது, நூல் மாதிரி டயர் போட்டுக்கொண்டு, முன் பிரேக்கில் பின் சக்கரத்தைத் தூக்கும் ஸ்டாப்பி அடிக்கிறவர்கள். அவர்களுக்கு நான் காற்றுகூட அடிப்பதில்லை.

அறிகுறி: வால்வு சாய்ந்து நிற்கிறது

இதைப் பார்த்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். ட்யூப் டயரில் நான் பார்த்ததிலேயே ஆபத்தான அறிகுறி இதுதான்.

ஸ்போக் ரிம் போட்ட பழைய 135 ஒன்று. பையனுக்கு 17, 18 வயது இருக்கும். யாரோ சொன்னார்கள் என்று பின் டயரை 15க்கு இறக்கியிருந்தான். காலையில் நன்றாக நின்றது, எல்லாரும் கைதட்டினார்கள். பத்தரை மணிவாக்கில் ஒரு வீலியின் நடுவில் 'புஸ்' என்றது. இரண்டு வினாடிதான். பின் டயர் துணி மாதிரி மடங்கி, ரிம்மை விட்டு வெளியே வந்து, செயினில் சிக்கிச் சக்கரம் நின்றுவிட்டது. கையுறை போட்டிருந்ததால் உள்ளங்கை பிழைத்தது, முழங்கைத் தோல் சிமெண்டில் போனது. ட்யூபை எடுத்துப் பார்த்தால் ஓட்டை எதுவும் இல்லை. வால்வு மட்டும் அடியோடு பிய்ந்து ரிம்மில் நட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். ஆக்சிலேட்டரைத் திருகும்போது இஞ்சின் சுற்றுவது ரிம்மை. டயர் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்க்கிறது. காற்று போதுமான அளவு இருந்தால் டயரின் விளிம்பு ரிம்மோடு இறுகி இரண்டும் சேர்ந்து சுற்றும். காற்றைக் குறைத்தால் அந்தப் பிடி தளர்ந்து, ஒவ்வொரு தூக்கலிலும் டயர் கொஞ்சம் கொஞ்சமாக ரிம்மின்மேல் நகரும். ட்யூபும் டயரோடு போகும். வால்வு மட்டும் ரிம் துளையில் மாட்டிக்கொண்டு போக முடியாமல் நிற்கும். சாய்ந்த வால்வு என்றால் பாதி பிய்ந்த வால்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாக்பீஸ் இங்கேதான். டயரிலிருந்து ரிம்முக்கு நேராக ஒரு கோடு போட்டுவிடுங்கள். நாலு வீலிக்கு ஒரு தடவை பாருங்கள். கோடு உடைந்து, டயரில் உள்ள பாதி விலகியிருந்தால் நகர்கிறது என்று அர்த்தம். ட்யூப் டயரை 24க்குக் கீழே இறக்காதீர்கள். வால்வின் அடியில் ரிம்மோடு சேர்த்து முறுக்கும் சின்ன நட்டை அங்கே இறுக்காமல் மேலே ஏற்றி மூடியோடு சேர்த்து வையுங்கள். காட்டுப் பாதையில் ஓட்டும் ஸ்க்ராம்பளர்க்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். வால்வு சாயத் தொடங்கினால் உடனே கண்ணுக்குத் தெரியும், பிய்வதற்கு முன் கொஞ்சம் இடமும் கிடைக்கும். டயர் மாட்டும்போது சவர்க்காரத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிட்டு, காய்வதற்குள் வீலி தூக்கப் போகிறவர்களும் இதே தொல்லையில் மாட்டுவார்கள். ஈரம் இருக்கும்வரை விளிம்பு வழுக்கும். ஓர் இரவு விடுங்கள்.

ட்யூப்லெஸ் டயரில் இந்தத் தொல்லை குறைவு, வால்வு ரிம்மைச் சேர்ந்தது. ஸ்டண்டைத் தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்றால் புது டயருக்கு முன், கம்பி இல்லாத ஸ்போர்ட் ரிம்முக்குக் காசு சேருங்கள். ரிம் மாற்றாமல் டயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது, ஓட்டை வாளிக்குப் பால் ஊற்றுகிற வேலை.

அறிகுறி: வளைவில் வண்டி திடீரென்று விழுகிறது

முற்றத்தில் எல்லாம் சரி. வீட்டுக்குப் போகும் வழியில், கோயில் முனையில் திரும்பும்போது வண்டி முதலில் சாய மறுக்கும், அப்புறம் சட்டென்று சரியும். பின் டயரைப் பாருங்கள். நடுப்பகுதி பலகை மாதிரி தட்டையாகவும், இரண்டு ஓரங்களும் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியும் இருக்கும். வீலியும், நின்ற இடத்திலேயே பின் சக்கரத்தைச் சுற்றிப் புகைய விடும் பர்ன்அவுட்டும் நடுவை மட்டும் தின்கின்றன. தட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒரு விளிம்பு உருவாகிவிடும். வளைவில் வண்டி அந்த விளிம்பைத் தாண்டி விழுகிறது.

வேடிக்கை என்னவென்றால், தட்டையான டயர் வீலிக்கு நல்லது. அதனால்தான் பையன்கள் அதை மாற்ற மனம் வராமல் வைத்திருக்கிறார்கள். முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சாலைக்குக் கொண்டுவராதீர்கள். பழைய பின் ரிம் ஒன்று வாங்கி அதில் ஸ்டண்ட் டயரைப் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை மாற்றிக்கொள்ளலாம். கை பழகிவிட்டால் இருபது நிமிட வேலை. டயர் பள்ளங்களுக்குள் குட்டி மேடுகள் இருக்கும், அவை நடுத் தேய்மானத்தோடு சமமாகிவிட்டால் சாலைக்கு ஆயுள் முடிந்தது. டயருக்குள் இருக்கும் நூல் தெரிந்துவிட்டால் முற்றத்துக்கும் முடிந்தது.

அறிகுறி: ரப்பர் துண்டுதுண்டாகப் பிய்கிறது, நீல நிறம் ஓடுகிறது

'சாஃப்ட்' டயர் வாங்கினவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும்.

பந்தயத் திடலுக்குச் செய்த மென்மையான ரப்பர் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு வந்தபிறகுதான் பிடிக்கும். திடலில் சுற்றுக்குச் சுற்று அந்தச் சூடு நிலையாக இருக்கும். ஸ்டண்டில் அப்படி இல்லை. மெதுவான வீலியில் டயர் ஆறிக் கிடக்கிறது, பர்ன்அவுட்டில் அரை நிமிடத்தில் எரிகிறது. இரண்டு பக்கமும் அந்த ரப்பருக்கு ஒத்துக்கொள்ளாது. மேலே நீலப் பளபளப்பு ஓடினால் ரப்பர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது, அதற்குப் பிறகு பழைய பிடி வராது. நகம் அளவுத் துண்டுகள் பிய்ந்து போனால் சூடு உள்ளே இறங்கிவிட்டது. ஸ்டோர் முற்றத்துச் சிமெண்டு வேறு, தேங்காய்த் துருவி மாதிரி.

நடுவில் கடினமும் ஓரத்தில் மென்மையுமாக இரட்டை ரப்பர் வைத்த டயர்கள் இதற்குத் தோது. அது கிடைக்காவிட்டால், வேலைக்குப் போய்வர வாங்குகிறோமே, நீண்ட நாள் உழைக்கிற சாதாரணத் தெரு டயர், அதையே வாங்குங்கள். இதைச் சொன்னால் பையன்கள் முகம் வாடுகிறது. விளம்பரத்தில் முழங்கால் உரசிப் போகிறவன் போட்டிருக்கும் டயரைத்தான் அவர்கள் கேட்டு வந்திருப்பார்கள். பர்ன்அவுட் நாளில் காற்றை 28இல் வைப்பது என் வழக்கம். இறக்கிய காற்றில் எரித்தால் பக்கச்சுவரும் சேர்ந்து வேகிறது.

அறிகுறி: ஸ்டாப்பியில் முன் டயர் பிடிக்காமல் வழுக்குகிறது

புது டயரா? வார்ப்பு அச்சிலிருந்து கழன்று வர ஃபேக்டரியில் பூசுகிற வழுவழுப்பு இன்னும் மேலே இருக்கும். 100 கிலோமீட்டராவது நிதானமாக ஓட்டித் தேய்த்துவிட்டு ஸ்டாப்பிக்கு வாருங்கள்.

புதிது இல்லை என்றால் தரையைப் பாருங்கள். நம் பக்கம் செம்பனை லாரி போகும் வழியெல்லாம் உதிரிப் பழம் கிடக்கும். டயர் ஏறி நசுங்கின பழம் எண்ணெயாகத் தரையில் ஊறி, மேலே செம்மண் தூசி படிந்து, காய்ந்த தரை மாதிரியே தெரியும். ஒரு தடவை மூன்று பேர் ஒரே இடத்தில் ஒருவன் பின் ஒருவனாக விழுந்த பிறகுதான் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தோம். அன்றிலிருந்து முதலில் வருகிறவன் வேலை விளக்குமாறு பிடிப்பது.

தரையும் சரி என்றால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். என் அப்பா பால்மரம் வெட்டியவர். வெயிலில் மறந்துபோன ரப்பர் ஷீட் எப்படி ஆகும் என்று அவரைக் கேட்டால் சொல்வார்: மேலே வெடித்து, மடக்கினால் உடையும். டயரும் அந்த ஜாதிதான். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ஓடாத டயரையும் தின்னும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்து மெல்ல எழ வேண்டும். நகம் வழுக்கினாலோ பக்கச்சுவரில் மயிர் போல வெடிப்பு ஓடினாலோ அந்த டயரை முன்னால் வைத்து ஸ்டாப்பி அடிக்காதீர்கள். ரப்பர் என்றதும் ஒன்று: இங்கிருந்து பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, மாவட்ட அலுவலகத்துக்கு அருகில். ஆனால் மரத்துப் பால் இன்று அதிகம் போவது லாரி டயருக்கும் விமான டயருக்கும்தான். மோட்டார் டயரின் பிடிமானத்தில் பெரும்பங்கு செயற்கை ரப்பருடையது. அப்பாவுக்கு இதில் வருத்தம்.

முன் டயரில் காற்றை அதிகம் இறக்க வேண்டாம். 29 என்றால் 26, 27 போதும். பின் டயரில் செய்த மாதிரி 20க்கு இறக்கினால் பிரேக் பிடித்ததும் டயர் மடங்கி ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கும்.

ஸ்டாப்பி பழகினவன் முன் டயரை ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் மீன் செதில் மாதிரி சொரசொரப்பாகவும் இருக்கும். பிரேக் ரப்பரை ஒரே பக்கம் தள்ளித் தள்ளி அப்படி ஆகிறது. லேசாக இருந்தால் பரவாயில்லை. ஹேண்டிலில் உறுமல் கேட்கத் தொடங்கினால் மாற்றுங்கள். அம்புக்குறிக்கு எதிராகத் திருப்பி மாட்டி ஓட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். முன் டயர் பிரேக்கைத் தாங்கவும், பின் டயர் இஞ்சின் இழுப்பைத் தாங்கவும் உள்ளே அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அம்பு அதற்குத்தான்.

சின்னச் சின்னவை

பின் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறதா? ஒரே திசையில் வட்டம் போடுகிறீர்கள். எல்லாரும் அப்படித்தான், கை வாகு. கோளாறு இல்லை.

இரவில் நிறுத்தினது காலையில் தட்டையாக இருக்கிறதா? சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி பாருங்கள். செம்பனை மட்டை முள் என்றால் குமிழி மிதிபரப்பில் வரும். ஊசி நுனிபோல உடைந்து உள்ளே தங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, உள்பக்கம் துணியைத் தேய்த்தால் மாட்டும். குமிழி ரிம் ஓரத்தில் வந்தால், ஓங்கித் தரையில் இறக்கி ரிம்மை நெளித்திருக்கிறீர்கள்.

மழை பெய்ததா? வீட்டுக்குப் போங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் டயர்தான் வாங்க வேண்டும் என்றால்

பக்கச்சுவரைப் படிக்கத் தெரிந்தால் போதும், கடைக்காரன் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை, நான் உட்பட. அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண், டயர் தாங்கும் எடை: 38 என்றால் 132 கிலோ, 58 என்றால் 236 கிலோ. வீலியில் வண்டியும் ஆளும் மொத்தமாகப் பின் டயரில் உட்காருவதால், ஒரே அளவில் இரண்டு டயர் இருந்தால் பெரிய எண்ணை எடுங்கள். எழுத்து வேகத்துக்கு: 'பி' 150 கிலோமீட்டர், 'எஸ்' 180. ஸ்டண்டுக்கு வேக எழுத்து பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 'டிஎல்' இருந்தால் ட்யூப்லெஸ், 'டிடி' இருந்தால் ட்யூப் போட வேண்டும். பிறகு அந்த நாலு இலக்கத் தேதி. மூன்று வருடத்துக்கு மேல் கடையில் தூங்கின டயரை, எத்தனை வெள்ளி குறைத்தாலும், முன் சக்கரத்துக்கு நான் எடுப்பதில்லை.

செலுப் டயர் (தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் ஒட்டினது) வேண்டாம். மேலே ஒட்டின ரப்பர் பர்ன்அவுட் சூட்டில் பட்டையாக உரிந்து வரும். பழைய டயர் வாங்குவது தப்பில்லை. பின்னால் எரித்துத் தள்ள அதுவே போதும், உள்பக்கம் ஒட்டுப் போட்டதா என்று மட்டும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

கழற்றின டயரை ஸ்டோர் பின்னால் வீசிவிட்டுப் போகாதீர்கள். மழைத் தண்ணீர் நின்று ஏடிஸ் கொசு முட்டையிடும். பக்கத்து லயத்தில் யாருக்காவது டெங்கி வந்தால் தோட்ட ஆபீஸ் அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும், நமக்கு முற்றம் போய்விடும். கடைக்குக் கொண்டுவந்து போடுங்கள். கீழே நாலு துளை போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். லெங்குவாஸ் நட இன்னும் இரண்டு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.